மெட்டலா, பங்க்கா

கிரைண்ட்கோர் என்ற இசையின் பெயரை முதன்முதலாக அக்காவிடம் சொன்னபோது, "மாவு அரைக்கறதா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. நான் பொம்மசந்திராவில் ஒரு சின்னப் பட்டறையில் கிரைண்டிங் மெஷினில் வேலை பார்த்தேன். வீட்டில் இட்லிக்கு ஒரு கிரைண்டர் ஓடியது. மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அக்காவும் நானும் அத்திபெலேயில் வாடகைக்கு இருந்தோம். கிருஷ்ணகிரிப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்து, ஐடிஐ முடித்து வந்தவன் நான். அந்த இசையை எனக்குக் கொடுத்தவன் பக்கத்து மெஷின்காரன். கன்டோன்மென்ட் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், கான்வென்ட் படிப்பு. துபாயிலிருந்த அவன் அண்ணன் அனுப்பிய கேசட்டைப் பதிவு செய்து தந்தான். ஒரு பாட்டு ஒரு நிமிடம்கூட வராது. டிரம் அடிப்பவனுக்கு ஏதோ அவசரம். பாடுபவன் தொண்டையில் மீன்முள் சிக்கியவன்போல உறுமினான். முதல் தடவை சிரித்தேன். நாலாவது தடவை வாக்மேனை அணைக்க மனம் வரவில்லை. எட்டு மணி நேரம் மெஷின் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு, அதே மாதிரிச் சத்தத்தை எவனோ வேண்டுமென்றே, தாளம் தப்பாமல் செய்கிறான் என்பது பெரிய ஆறுதலாக இருந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கேசட் டப்பாவின் முதுகில், ராக் இசையில் மெட்டல் வகை என்றால் 'மெ', பங்க் வகை என்றால் 'ப' என்று எழுதி வைப்போம். இரண்டும் கலந்த இந்தக் கேசட்டின் முதுகு மட்டும், அவனிடமும் என்னிடமும், மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் ஸ்டாப் டீக்கடையில் நிற்போம். எதிரே பழைய உலோகக் கம்பெனி ஒன்று இருந்ததால் கண்டக்டர்கூட அந்த ஸ்டாப்பை 'மெட்டல்' என்றுதான் கூவுவார். சண்டை அங்கேதான் நடக்கும்.

"கிடாரைக் கேளுடா. எவ்ளோ கீழ எறக்கி ட்யூன் பண்ணிருக்கான். அந்த உறுமல் வேற. சுத்தமான மெட்டல்" என்பேன்.

"மெட்டல்னா கிடார் சோலோ வேணும், எங்க வருது, காட்டு. சொல்ல வேண்டியத ஒரு நிமிஷத்துல சொல்லிட்டுப் போய்ட்டே இருக்கான். என்ன சொல்றான்னு பாரு. யுத்தம், பசி, கம்பெனிக்காரன் அநியாயம். இது பங்க்தான்டா." பாட்டு வரிகளின் ஜெராக்ஸ் எப்போதும் அவன் சட்டைப் பையில் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை, அலுத்துப்போய் அவன் சொன்னான்: "உனக்கு வார்த்தை புரியாது மச்சான். சத்தம் மட்டும்தான் கேக்குது. அதான் மெட்டல்ங்கற."

உண்மை. அதனால்தான் சுருக்கென்றது. "ஆமாண்டா, நான் கவர்மென்ட் ஸ்கூல்தான்" என்று சொல்லிவிட்டு, பாதி டீயை வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஒரு மாதம் பேசவில்லை. பக்கத்துப் பக்கத்து மெஷின். மைக்ரோமீட்டர் வேண்டுமென்றால் கையை நீட்டுவான், நான் முகத்தைப் பார்க்காமல் கொடுப்பேன். பிறகு ஒரு நாள் அவன் வரவில்லை. "நின் ஃப்ரெண்ட் கெல்சா பிட்பிட்டா" என்று கன்னடத்தில் சொன்னார் சூப்பர்வைசர். வேலையை விட்டுவிட்டானாம். இந்த ஊரில் எனக்கென்று இருந்தவன் அவன் ஒருவன்தான். ஒரு வார்த்தை சொல்லாமலே போய்விடுவானோ என்று பயந்தேன். ஆனாலும் அவனே வரட்டும் என்று வீம்பாக இருந்தேன்.

அந்த வாரம் எனக்கு முதல் ஷிஃப்ட். வெள்ளிக்கிழமை மாலை நான் கடைக்குப் போயிருந்தபோது வீட்டு ஓனரின் போனுக்கு அவன் அழைத்திருக்கிறான். அக்காதான் பேசினாள். தனக்கு நைட் ஷிஃப்ட் என்பதால், கிழித்த காலண்டர் தாளின் பின்னால் எழுதிவைத்துவிட்டுப் புறப்பட்டுவிட்டாள்: 'உன் ஃப்ரெண்ட் போன் பண்ணான். மெட்டல் வேண்டாமாம். பங்க்தானாம்.'

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வேலையை விட்டுப் போனவன், போன் போட்டா ஜெயிக்க வேண்டும்? தாளைக் கசக்கி எறிந்தேன். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் மெட்டல் ஸ்டாப்பில் பஸ் ஏறி நேராக வீட்டுக்கு வந்தேன். அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை.

புதன்கிழமை சூப்பர்வைசர் தன் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டு வரச் சொன்னார். பட்டறையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பெட்ரோல் பங்க். அங்கே காற்றடிப்பவர் என் நீல யூனிஃபார்ம் சட்டையைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"கிரைண்டிங்ல இருக்கறது நீங்கதானா? உங்க ஃப்ரெண்டு சனிக்கெழம நாலு மணியிலேர்ந்து இருட்டற வரைக்கும் இங்கயே நின்னாருங்க. மறுநாள் துபாய் போறேன்னாரு. வந்தா இதக் குடுக்கச் சொன்னாரு."

அண்ணன் அவனுக்கு அனுப்பிய அந்தக் கேசட். முதுகில் நீல மையில், அவன் கையெழுத்தில், 'மெ'.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் கேட்டேன். "பெட்ரோல் பங்க்குடா! வேற எந்த பங்க் இருக்கு? மெட்டல் ஸ்டாப்ல கம்பெனி ஆளுங்க நிப்பாங்க, சங்கடமா இருக்கும், அதனால எப்பவும் பாக்கற நேரத்துக்கு பங்க்குக்கு வரச் சொன்னான்" என்றாள். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்து: இசைக்கு P, பெட்ரோலுக்கு B. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ப'. இங்கிலீஷ் வார்த்தை புரியாதவன் என்று சொன்னதற்கு ரோஷப்பட்டவன், தமிழில் எழுதியிருந்ததைப் புரிந்துகொள்ளவில்லை. அக்கா முன்னாலேயே அழுதேன்.

கேசட் டப்பாவுக்குள் அந்த ஜெராக்ஸ் மடித்து வைக்கப்பட்டிருந்தது. டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். பிறகு கன்டோன்மென்ட் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் துபாய் விலாசம் வாங்கி, காலண்டர் தாள் கதை முழுவதையும் கடிதமாக எழுதினேன். கடைசியில், 'நீ சொன்னதுதான் சரி. அது பங்க்தான்' என்று முடித்தேன்.

பல வாரம் கழித்துப் பதில் வந்தது. அத்தனை பெரிய தாளில் ஒரே ஒரு வரி. தமிழில் எழுதியிருந்தான்.

'எந்த பங்க்?'