நின்ற இடத்தில் ஒரு சுற்று

பக்கவாதத்துக்குப் பின் என் மனைவியின் கைகால்கள் மீண்டன. தலைசுற்றல் மட்டும் நிற்கவில்லை. கண்ணைத் திறந்தாலே அறை சுழல்கிறது என்பாள். நரம்பியல் நிபுணர் கைவிரித்த பிறகு, வேறு வழியின்றி, தியாகராய நகரில் ஓர் அக்குபங்சர் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவர் காதோரத்திலும் மணிக்கட்டிலும் மெல்லிய ஊசிகளைச் செருகினார்.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை, மயிலாப்பூர் வீட்டில், எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றாள்.

"ஏன்னா, சுவரெல்லாம் அப்படியே நிக்கறது! தையல்காரர்னு கேலி பண்ணினேளே அவரை?"

"இனிமே அவரைக் கும்பிடறேன், போறுமா?"

"மொதல்ல ஸ்வாமியை."

விளக்கேற்றிக் கைகூப்பினாள். வேண்டுதல் பலித்தால் தன்னைத்தானே வலம்வருவது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். நான் தடுக்குமுன் நின்ற இடத்திலேயே ஒருமுறை சுற்றிவிட்டாள். என் கைக்கு எட்டாமல் விழுந்தாள்.

"தரை ஓடறது, பிடிச்சுக்கோங்கோ" என்றாள். நானும் தரையில் படுத்து அவளைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் மருத்துவர், "திரும்ப ஆரம்பிக்கலாம் சார். ஆனா உறுதி சொல்ல முடியாது" என்றார்.

"உறுதி வேண்டாம், குத்துங்கோ" என்றேன்.

அவள் போகும்வரை ஊசி தொடர்ந்தது. அப்படி ஒரு மாலை பிறகு வரவில்லை.