நானும் விடவில்லை என்று எழுதியவர்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் பஸ் நின்றிருந்தபோது சிவபாலன் அண்ணனின் மனைவி அழைத்தார். விடியற்காலையில் அண்ணனுக்கு மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். "உங்கட கிளினிக் ஆக்களுக்கும் சொல்லிவிடுங்கோ" என்றார். கிளினிக் தொலைபேசி இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. அதிலிருந்து வந்த அவருடைய செய்திகளைத் தினமும் வாசித்த உங்களுக்கு நான்தான் அறிவித்தேன். அன்று இரண்டு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

கண்டியில் எங்கள் நெஞ்சு நோய் கிளினிக்கில் அவர் எழுதுவினைஞர், நான் தாதி. மூச்சு நோய் முற்றியும் சிகரெட்டை விட மனமில்லாத நோயாளிகளுக்குக் காலைதோறும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பும் வேலையை டொக்டர் அவரிடம் கொடுத்திருந்தார். 'புகைத்தலை இன்றே நிறுத்துங்கள்' என்ற வகையில் வாசகங்கள் தயாராகவே வந்தன. ஒருவரும் பதில் போடவில்லை. ஒரு நாள் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் அவரைக் கண்டேன். வலது கைப் பெருவிரல் அந்தச் செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தது. இடது கையில் சிகரெட். இருதயத்தில் ஏற்கெனவே ஒருமுறை அடைப்பு வந்தவர். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வாரத்தில்தான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து நோயாளி செல்லமுத்து முதல் பதிலை அனுப்பினார். 'தெனமும் விடச் சொல்றீங்களே சேர், நீங்க இதத் தொட்டதே இல்லையா?'

காலை முழுவதும் தொலைபேசி மேசையில் கிடந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை போட்டால் முடிந்துவிடும் என்றேன். "பொய் சொல்லி ஆரையும் நிப்பாட்ட ஏலாது, தங்கச்சி" என்றார். செல்லமுத்துவுக்கு மட்டுமல்ல, பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் எழுதினார்: 'நானும் விடவில்லை. இருதய வருத்தக்காரன். இன்று காலை இரண்டு.'

வேலைக்கே ஆபத்து வரும் என்று நான் பயந்தேன். டொக்டர் அவரைக் கூப்பிட்டார். வெகு நேரம் கழித்து வெளியே வந்த அண்ணன், நாளைக்கும் உண்மையையே எழுதும்படி டொக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னார். மறுநாள் தொலைபேசி ஓயவில்லை. எனக்கு நாலு, எனக்கு ஏழு என்று ஆளுக்கு ஆள் எழுதினார்கள். அதுவரை எங்களிடம் விட்டாயிற்று என்று சொல்லிவந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

அண்ணனுடைய எண்ணிக்கை மெல்லக் குறைந்து, ஒரு நாள் பூச்சியம் ஆனது. மூன்று வாரம் அப்படியே நின்றது. பிறகு யாழ்ப்பாணத்தில் அவருடைய அக்கா இறந்தார். செத்தவீட்டிலிருந்து திரும்பிய காலையில், மேசையில் உட்கார்ந்ததும் எழுதினார்: 'நேற்று ஒன்று பத்தினேன். இன்று திரும்பவும் முதல் நாள்.' யாரும் கண்டிருக்கவில்லை. மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தான் தோற்றதை இத்தனை பேர் முன்னால் ஒரு மனிதர் இவ்வளவு சாதாரணமாக வைத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்று பகல், கிளினிக் நாளே இல்லாத நாளில், செல்லமுத்து வந்தார். இரண்டு பஸ் மாறி, வாசற்படியில் உட்கார்ந்து மூச்சை மீட்டுக்கொண்டு உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை அண்ணனின் மேசையில் வைத்தார்.

"சேர், இன்னைக்கு எனக்கும் மொத நாளு."

அண்ணன் எழுந்து தன் கதிரையை அவருக்குக் கொடுத்தார். அதன் பிறகு இருவரும் சிகரெட்டைத் தொடவே இல்லை. ஆனாலும் அண்ணனின் இருதயம் ஏற்கெனவே நொந்திருந்தது. அது அவருக்கும் தெரிந்தே இருந்தது. அண்ணனின் செத்தவீட்டுக்குச் செல்லமுத்து ஏற்றத்தில் நடந்தே வந்தார். இடையில் ஒருமுறைதான் நின்றார்.

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து பல வருடங்கள். கிளினிக்கில் ஒருவருக்கும் சொன்னதில்லை. போன வாரம் சீனி வருத்தமும் உள்ள ஒரு நோயாளிப் பெண்ணுக்குச் சாப்பாட்டு விதிகளை ஒப்புவித்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் சீனி போடாமலா தேத்தண்ணி குடிக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். சிவபாலன் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அப்போது வாயில் வந்தது.

"இல்ல. எனக்கும் சீனி வருத்தம்தான். இன்டைக்குக் காலையிலயும் ரெண்டு கரண்டி போட்டேன்."

அவள் கதிரையை இழுத்து எனக்குக் கிட்டப் போட்டுக்கொண்டாள்.