இரண்டாவது கண்ணாடி

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்ன நினைத்தாலும் எனக்கு வருத்தமில்லை. தூக்கமில்லாத கண்ணுக்கு அப்படித்தான் தெரியும் என்றார் டாக்டர். புருஷனைப் பார்த்துப் பார்த்து உனக்கே உடம்பு கெட்டுவிட்டது என்றாள் என் தங்கை. இருக்கலாம். ஆனால் அந்த ஜன்னல் சட்டத்தைத் தன் இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறவர். இன்றுவரை அவர் எங்கள் தெருவுக்குள் வண்டியைத் திருப்பியதில்லை.

என் பெயர் ரோனா. அபர்டீனில் ஃபெரிஹில் பக்கம் எங்கள் வீடு. பழைய கருங்கல் வீடு. என் கணவர் இன்னஸ் துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டியவர். அவர் சாதாரணமாகப் பேசினாலே அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அந்த அக்டோபரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது.

"ஆமா."

பசிக்கிறதா என்றால் ஆமா. பசிக்கவில்லையா என்றாலும் ஆமா. சொல்ல வந்தது வேறு என்பது அவர் கண்ணில் தெரியும். வாயில் வருவது அது ஒன்றுதான். கோபம் வந்து இடது கையால் கட்டிலைக் குத்துவார். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். வேறென்ன செய்ய முடியும்?

மாடி ஏற முடியாததால் பின்னறையில் படுக்கை போட்டோம். ஆஸ்பத்திரிக் கட்டில். பெரியது. கணப்புக்கும் கதவுக்கும் நடுவில்தான் அதற்கு இடம் இருந்தது. எதிரே ஜன்னல். வாசல் பக்கம் பார்த்தால் அது தரைத்தளம். ஆனால் பின்னால் நிலம் சரிகிறது. அந்த ஜன்னலுக்குக் கீழே இரண்டு ஆள் ஆழம். அடியில் கல் முற்றம்.

மேலே தூக்கித் திறக்கிற பழைய மர ஜன்னல் அது. காற்று அடித்தால் அதன் கண்ணாடி கடகடவென்று ஆடும். கண்ணாடி ஓரத்து இடுக்கெல்லாம் குளிர் வரும். புது ஜன்னல் மாற்றலாம் என்றால், பழைய தோற்றம் கெடக்கூடாது என்று நகரசபை விடாது. உள்பக்கம் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். பழைய ஜன்னல் அப்படியே இருக்கும். நடுவில் ஒரு சாண் இடைவெளி. அறை சூடாக இருக்கும், சத்தமும் வராது. எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

அந்த வேலைக்கு வந்தவர்தான் டெரெக். பெரிய உடம்பு, ஓயாத பேச்சு. பழைய ஜன்னலின் கீழ்ச்சட்டத்தைத் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. அடுக்கடுக்காகப் பெயிண்ட் பூசியதில் சட்டமும் சுவரும் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன.

"இதத் திறக்கணும்னா வெடிதான் வைக்கணும், ரோனா. திருட வர்றவன் பாவம்" என்று சிரித்தார்.

திறக்க வேண்டாம், மூடினால் போதும் என்றேன். மதியத்துக்குள் வேலை முடிந்தது. உள்பக்கம் அலுமினியச் சட்டம், அதில் தடிமனான கண்ணாடி, சுற்றிலும் திருகு.

அவர் கடைசித் திருகை இறுக்கியதும் அறை மாறிப்போனது. கடற்பறவைகளின் கூச்சல் நின்றது. பஸ் சத்தம் நின்றது. பஞ்சுக்குள் போய்விட்டதுபோல் இருந்தது. இன்னஸின் மூச்சு கூடத் தெளிவாகக் கேட்டது.

"இதமா இருக்கா இன்னஸ்?"

"ஆமா" என்றார். அவர் கண்ணில் நீர் வழிந்தது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து நெற்றியில் முத்தம் கொடுத்தேன்.

அடுத்த நாளே முதல் தொந்தரவு. புதுக் கண்ணாடியின் அடிப்பக்கம் இரண்டு வட்டமாக ஆவி படிந்திருந்தது. பக்கத்தில் பக்கத்தில், சாசர் அளவு. துடைத்தேன். போகவில்லை. ஈரம் அந்தப் பக்கம், இடைவெளிக்குள் இருந்தது. டெரெக்கைக் கூப்பிட்டுக் கேட்டேன். புதிதாகப் போட்டால் கொஞ்சம் ஈரம் கட்டும், காய்ந்துவிடும் என்றார்.

காயவில்லை. காலையில் இருக்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும். தினமும் அதே இடம். அதே இரண்டு வட்டம்.

இன்னஸ் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். நடுக்கட்டிலில் படுக்க வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்தால், விழாமல் இருக்கக் கட்டில் ஓரத்தில் வைத்த கம்பியோடு ஒட்டிக் கிடப்பார். ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு எப்படி நகர்ந்தாரோ. ஜன்னலைப் பார்க்கப் பயப்படுகிறாரோ என்று திரையை இழுத்து மூடினேன். அதற்கு அவர் போட்ட கூச்சலில், தினமும் வந்துபோகிற நர்ஸ் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். திரையைத் திறந்த பிறகுதான் அடங்கினார்.

"ஜன்னலா இன்னஸ்? ஜன்னல்ல ஏதாவது இருக்கா?"

"ஆமா."

"ஒண்ணும் இல்லதானே?"

"ஆமா... ஆமா..."

டிசம்பர் கடைசி. எங்கள் ஊரில் மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஒருநாள் அப்படி இருட்டுகிற நேரத்தில் அவருக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கேட்டது.

டுக்... டுக்... டுக்...

மிக லேசாக. எங்கோ தூரத்தில் யாரோ விரல் மடக்கித் தட்டுவதுபோல. எழுந்து புதுக் கண்ணாடியில் காதை வைத்தேன். காது விறைத்தது.

டுக். டுக். டுக்.

தூரத்தில் இல்லை. பழைய கண்ணாடியில்.

விளக்கைப் போட்டுப் பார்த்தேன். யாரும் இல்லை. ஆனால் பழைய ஜன்னலின் கீழ்ச்சட்டம் ஏறக்குறைய ஒரு சாண் உயர்ந்திருந்தது. பெயிண்ட் பிளந்து, செதில் செதிலாக இடைவெளிக்குள் கிடந்தது. என் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு திருகு கூடக் கழலவில்லை.

மறுநாள் காலை டெரெக் வந்தார். நான்தான் கழற்றி ஏதோ செய்திருக்கிறேன் என்று கிண்டல் செய்தபடி உள்ளே வந்தவர், திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். புதுக் கண்ணாடியைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். பழைய சட்டத்தைக் கீழே தள்ளினார். இறங்கவில்லை. இரண்டு கையையும் வைத்து உடம்புப் பாரத்தைப் போட்டு அழுத்தினார். கொஞ்சம் இறங்கியது. நின்றது. கையை எடுத்தார். சட்டம் மெதுவாக மேலே வந்தது.

அடியில் கையை விட்டுத் துழாவினார். வெறும் காற்று.

மறுபடி அழுத்தினார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"மரத்துல இடிக்கிற மாதிரி இல்ல ரோனா" என்றார் மெதுவாக. "மெத்துனு இருக்கு."

சட்டத்தை அப்படியே விட்டுவிட்டார். திறந்து கிடந்தால் இன்னஸ் குளிரில் விறைத்துப்போவார் என்பதால் புதுக் கண்ணாடியை மட்டும் அவசரமாகத் திரும்பப் பொருத்தினார். முடிந்தவரை இறுக்கினார். கட்டிலைக் கழற்றாமல் கதவு வழியாக எடுக்க முடியாது. மறுநாள் தன் அண்ணனோடு வந்து இன்னஸை முன்னறைக்குத் தூக்கிப் போடுவதாகச் சொன்னார். வாசலில் நின்று, "அதுவரைக்கும் அவரத் தனியா விடாதீங்க" என்றார்.

அன்றிரவே பனி கொட்டியது. காலையில் தெருவே இல்லை. டெரெக்கின் வண்டி வர முடியவில்லை. நர்ஸும் வர முடியவில்லை. நானும் இன்னஸும் மட்டும்.

மதியம் வந்தது. வட்டங்கள் வந்தன.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வெளிச்சம் நீலமாகிக்கொண்டிருந்தது. ஜன்னலைப் பார்க்கக்கூடாது என்று தலையைக் குனிந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தேன்.

டுக்... டுக்... டுக்...

நிமிர்ந்தேன்.

ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே, விளிம்பில். முகம் எங்கள் பக்கம். முதுகுக்குப் பின்னால் வெறும் பனி. பழைய சட்டம் அவள் தொடைமேல் இறங்கி அழுத்தியிருந்தது. கால் இரண்டும் சட்டத்துக்கு உள்ளே. அவள் முழங்கால்கள் என் கண்ணாடியில் பதிந்திருந்தன.

அந்த இரண்டு வட்டம்.

பதினைந்து பதினாறு வயதிருக்கும். தலையில் வெள்ளைத் துணி. இரண்டு கையாலும் பழைய கண்ணாடியைத் தட்டினாள். வாய் அசைந்தது. அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத்தானே புதுக் கண்ணாடியைப் போட்டேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கட்டிலைப் பார்த்தாள்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. ஓடிப்போய்த் திருகைத் திருப்பினேன். அசையவில்லை. நகம் பிய்ந்தது. இன்னஸின் கைத்தடியால் கண்ணாடியில் அடித்தேன். உடையவில்லை. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அந்தப் பக்கம் அவள் தட்டினாள். இந்தப் பக்கம் நான் தட்டினேன்.

"ஆமா... ஆமா... ஆமா..."

பின்னால் இன்னஸ்.

கூடவே கட்டிலும் முனகியது. கிறீச்... கிறீச்... ஒரு கனமான ஆள் எழுந்திருக்கப் பாடுபடுவதுபோல.

"எழுந்திருக்காதே இன்னஸ், விழுந்துடுவே" என்று கத்திக்கொண்டே திரும்பினேன்.

இன்னஸ் அசையாமல் கிடந்தார். ஓரத்துக் கம்பியோடு ஒட்டி. கண்ணை இறுக மூடிக்கொண்டு.

கட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

கிறீச்... கிறீச்...

நின்றது.

ஜன்னலைப் பார்த்தேன். அவள் தட்டுவதை நிறுத்தியிருந்தாள். கட்டிலைப் பார்த்தபடி வாயைப் பிளந்திருந்தாள். சத்தமே இல்லாமல்.

அப்புறம் நான் எதையும் பார்க்கவில்லை. கம்பியை இறக்கினேன். இன்னஸைப் போர்வையோடு சேர்த்துத் தரைக்கு இழுத்தேன். விழுந்தார். எங்கே அடிபட்டதோ. நடைவரைக்கும், அங்கிருந்து சமையலறைவரைக்கும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். அடுப்படியில் அவர் தலையை மடியில் வைத்து விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு ஆமாகூடச் சொல்லவில்லை.

காலையில் பக்கத்து வீட்டுக்காரர் பனியை வெட்டிக்கொண்டு வந்தார். அவர் பின்னறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஜன்னல் ஒழுங்காக மூடித்தானே இருக்கிறது என்றார். பழைய சட்டமும் அடிவரை இறங்கி மூடித்தான் இருந்தது.

அந்த அறையைப் பூட்டினேன். இன்னஸை முன்னறையில் படுக்க வைத்தோம். சாப்பிட ஆரம்பித்தார். வசந்தம் வந்தபோது ஒன்றிரண்டு சொற்களும் வந்தன.

ஏப்ரலில் டெரெக் போன் செய்தார். அவருடைய அத்தைக்குத் தெரிந்த ஒரு அம்மாள் எங்கள் ஊரிலேயே டோரி பக்கம் இருக்கிறாராம். பெயர் நெட்டா. நெட்டாவின் தாய் எஃபி சின்ன வயதில் எங்கள் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவராம். போய்ப் பார்த்தேன். டீ போட்டார். எங்கள் ஊர் ரௌவி ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தார். எனக்கு இறங்கவில்லை. நான் கண்டதைச் சொன்னேன். இப்படிச் சாக வேண்டிய வயதா அது, பாவம் உங்கள் அம்மா என்றேன்.

நெட்டா கோப்பையைக் கீழே வைத்தார்.

"செத்தாங்களா? யாரு சொன்னா? எங்கம்மா தொண்ணூத்தோரு வயசு வரைக்கும் இருந்து எங்க எல்லாரையும் மேய்ச்சாங்க."

பிறகு சொன்னார். புது வருஷம் வருமுன் வீடு சுத்தம் செய்கிற நாட்கள். வீட்டுக்கார அம்மாள் ஒரு சாவுக்குப் போயிருந்தார். வெளிக் கண்ணாடியைத் துடைக்க எஃபி ஜன்னல் விளிம்பில் பின்பக்கமாக உட்கார்ந்து, விழாமல் இருக்கச் சட்டத்தைத் தொடைவரை இறக்கிக்கொண்டாள். அந்தக் காலத்தில் எல்லா வேலைக்காரிகளும் அப்படித்தான் துடைப்பார்களாம். சட்டத்தைத் தாங்கும் கயிறு அறுந்தது. முழுப் பாரமும் அவள்மேல். தூக்க முடியவில்லை. அவள் கூப்பிட அந்த வீட்டில் இருந்தது ஒரே ஆள். பக்கவாதம் வந்து படுத்துக் கிடந்த முதலாளி, மிஸ்டர் லம்ஸ்டன்.

"எந்திரிக்க மாட்டார்னு அம்மாவுக்குத் தெரியும். ஆனா வேற யாரக் கூப்பிடுறது? தட்டித் தட்டி அழுதிருக்காங்க. அந்த மனுஷன் எந்திரிக்கப் பாத்திருக்கார். ரொம்ப நேரம். கட்டிலே ஆடுச்சாம். அப்புறம் நின்னுபோச்சு." நெட்டா என் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அவர் கண்ணு திறந்தே இருந்துச்சாம். அம்மாவால எறங்கவும் முடியல. வீட்டம்மா வர்ற வரைக்கும் அந்த முகத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தாங்க."

கட்டில் எங்கே கிடந்தது என்று கேட்டேன்.

"கணப்புக்கும் கதவுக்கும் நடுவுல. அந்த ரூம்ல வேற எங்க போட முடியும்?"

வீட்டுக்கு வந்தேன். இதில் ஒரு வார்த்தையும் இன்னஸிடம் சொல்லவில்லை. அவர் தூங்குமுன் ஒன்றே ஒன்று கேட்டேன். அந்த ஜன்னல்ல இருந்த பொண்ணு ரொம்பப் பயமுறுத்தினாளா என்று.

வெகுநேரம் வாயைக் கூட்டினார்.

"பொண்ணு... பாவம். அவ ஒண்ணும்... பண்ணல."

"அப்ப அந்தக் கண்ணாடி போட்ட அன்னிக்கு ஏன் அழுதே?"

"பக்கத்துல... படுத்திருந்தாரே. என் கைய... பிடிச்சுக்கிட்டு... எந்திரி... எந்திரின்னு... விடவே இல்ல."

இப்போதாவது விட்டுவிட்டாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.