எந்த ஸ்டேஷன் ரைட்டர்?

போன வாரம் கடவுள் என்னை ஒரு வேலைக்குக் கூப்பிட்டார். ஆள் மாறிக் கூப்பிட்டுவிட்டார் என்பதுதான் என் புகார்.

சிதம்பரத்திலிருந்து நான் கடலூருக்கு வந்தது மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுக்க. கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். கடைக்காரர் என் வாசகர். அதாவது, பஜ்ஜி மடிப்பதற்கு முன்னால் என் பத்தியைப் படித்துவிடுகிறவர். என்னைப் பார்த்ததும் உற்சாகமாகக் குரல் கொடுத்தார்.

"ரைட்டர் சாருக்கு சக்கர கம்மியா ஒரு டீ!"

பெஞ்சின் மறுகோடியில் ஓர் அம்மாள் அழுதுகொண்டிருந்தார். கடலோர ஊர்க்காரர், மீன் வியாபாரம். பக்கத்தில் அவருடைய தம்பி. குரலைக் கேட்டதும் இரண்டு பேரும் எழுந்து என் முன்னால் வந்து நின்றார்கள்.

"சார், நீங்க ரைட்டரா?"

"ஆமாம்மா" என்றேன். கொஞ்சம் பெருமையாக வேறு சொல்லித் தொலைத்தேன்.

நம் ஊரில் ரைட்டர் என்றால் யார்? போலீஸ் ஸ்டேஷனில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கேஸ் எழுதுகிறவர். மாமனார் வீட்டு அனுபவங்களை வாராவாரம் எழுதிக் காலம் தள்ளுகிறவனை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்? இந்த உண்மை எனக்கு உறைப்பதற்குள் அந்த அம்மாள் முழுக்கதையையும் சொல்லி முடித்துவிட்டார்.

மறுநாள் காலை மகளுக்குக் கல்யாணம். வாசலில் கட்டுவதற்காகக் குலையோடு இரண்டு வாழை மரம் வாங்கியிருக்கிறார் பெண்ணின் அப்பா. அவற்றை டவுன் பஸ்ஸில் ஏற்றப் பார்க்க, கண்டக்டர் தடுக்க, வாக்குவாதம்... தள்ளுமுள்ளு... கண்டக்டரின் பை அறுந்து பஸ் ஸ்டாண்ட் முழுக்க சில்லறை உருண்டிருக்கிறது. இப்போது அப்பா ஸ்டேஷனில். கேஸ் போடாமல் நகர மாட்டேன் என்று கண்டக்டரும் அங்கேயே. கேஸ் போட்டால், விடிந்ததும் தாரை வார்த்துக் கொடுக்க அப்பா இருக்க மாட்டார்.

"நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா வுட்டுடுவாங்க சார்."

"அம்மா, நான் அந்த ரைட்டர் இல்லை."

"வேற ஸ்டேஷனா இருந்தா இன்னா சார்? எல்லாம் ஒரே டிபார்ட்மென்ட்டுதான?" — இது தம்பி.

"நான் போலீஸே இல்லைப்பா!"

"மஃப்டில இருக்காரு, அப்படித்தான் சொல்லுவாரு. நீ வுடாதக்கா."

அக்கா விடவில்லை. "இப்பதான் சார் சாமிய வேண்டிக்கினு கண்ணத் தொறந்தேன். எதிர்ல நீங்க நிக்கிறீங்க."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

அவர்களோடு போனேன். வழியெல்லாம் நடராஜரோடு எனக்குச் சண்டை. 'சுவாமி, தெருவுக்கு நாலு வக்கீல் இருக்கிற ஊர் இது. மிக்ஸி ரிப்பேருக்கு வந்தவன்தானா கிடைத்தேன்? டிராஃபிக் கான்ஸ்டபிளைப் பார்த்தால் லைசென்ஸ் பையில் இருக்கும்போதே வண்டியை விட்டு இறங்கித் தள்ளுகிறவன் நான். உன் கோயிலுக்கு அடுத்த தெருவில்தானே குடியிருக்கிறேன்... என் லட்சணம் உனக்குத் தெரியாதா?'

அவர் ஆடிக்கொண்டிருக்கிறவர். நம்மை ஆட்டிவைப்பது சைடு பிஸினஸ்.

எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். நான் இன்னும் இதே மாவட்டத்தில்தான் இருந்தாக வேண்டும். வாசலின் இரண்டு பக்கமும் குலையோடு வாழை மரத்தைச் சாத்தி வைத்திருந்தார்கள். கல்யாணமே அங்கேதான் என்பது போல!

உள்ளே சுவரோரம் பெண்ணின் அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் அறுந்த பையை மடியில் வைத்துக்கொண்டு கண்டக்டர். மேஜைக்குப் பின்னால் நிஜ ரைட்டர்.

"யாரு நீங்க?"

"ரைட்டர்..." என்றேன். பழக்க தோஷம்.

அவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். "எந்த ஸ்டேஷன்?"

"ஸ்டேஷன் இல்லை சார்... நான் வந்து... பத்திரிகை..."

அவ்வளவுதான். 'பத்திரிகையில் எழுதுகிறவன்' என்று முடிக்க வேண்டிய வாக்கியம். நாக்கு ஒட்டிக்கொண்டு நடுவிலேயே நின்றுவிட்டது. வழியில் யோசித்து வைத்திருந்த நியாயம், மனிதாபிமானம், மேற்கோள் எல்லாம் காலி.

நான் சொன்னது என் பிழைப்பை. அந்த அம்மாள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

"அய்யய்யோ, ஆமா சார், மறந்தே பூட்டேன்!"

கூடைப்பையைத் துழாவி, ஓரத்தில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்தார். நேராகக் கண்டக்டர் முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, நாளைக்கி காலையில நம்ம பொண்ணுக்குக் கல்யாணம். அண்ணியையும் புள்ளைங்களையும் கூட்டிகினு அவசியம் வரணும்."

கண்டக்டர் என்ன செய்வார், பாவம்? மஞ்சள் தடவிய பத்திரிகையை ஒருவர் நீட்டும்போது உட்கார்ந்திருக்க நமக்கு உடம்பு பழகவில்லை. எழுந்தார். மடியிலிருந்த பை கீழே விழுந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது.

நிஜ ரைட்டர் பேனாவை மூடினார். "பத்திரிகைய வாங்கிட்ட. இனிமே பொண்ணோட அப்பன் மேல நான் என்னத்தப்பா எழுதறது?"

"அந்தாளு ஒரு மன்னிப்பாவது கேக்கட்டும் சார்" என்றார் கண்டக்டர், பத்திரிகையைக் கசங்காமல் பிடித்தபடி.

சுவரோரத்திலிருந்து அப்பா எழுந்தார். "தப்புதான் மச்சான்."

"மச்சானா? காலையில என்னய இன்னா பேச்சு பேசின!"

"அது காலையில. இப்ப எம் பொண்டாட்டி ஒங்கள அண்ணேன்னு கூப்ட்டுச்சில்ல?"

நிஜ ரைட்டரே சிரித்துவிட்டார்.

வாழை மரங்கள் ஒரு குட்டியானை வண்டியில் ஏறின. அம்மாள் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். "வளவளன்னு பேசாம ஒத்த வார்த்த சொன்னீங்க பாருங்க சார்!"

விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை.

வீடு திரும்பும் பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். பேசத் தெரிந்தவர் யாராவது போயிருந்தால் சட்டம் பேசியிருப்பார். கண்டக்டரும் பதிலுக்குச் சட்டம் பேசியிருப்பார். பெண்ணின் அப்பா இந்நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பார். அன்றைக்குத் தேவைப்பட்டது, பாதி வாக்கியத்தில் வாயடைத்துப் போகிற ஓர் ஆள். மீதியைப் பேச கடவுள் வேறு ஆள் வைத்திருந்தார். இந்தத் தகுதிக்கு மாவட்டத்திலேயே என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே, கடவுள் கூப்பிட்டால் தைரியமாகப் போகலாம், நம்பலாம். ஆனால் இனிமேல் என்னைக் கூப்பிடுவதாக இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவிடட்டும்... நான் வெளியூர் போய்விட வசதியாக இருக்கும்.