பாவாயிக்குத் தலைமைப் பயிற்சி குடுத்த கதை

தொண்டு நிறுவனத்துல தலைமைப் பயிற்சி குடுக்கற வேலைங்கறது, பஸ்ஸுக்கு நின்னே பாதி ஆயுசு போற வேலைங்க. ஜமக்காளத்தத் தோள்ல போட்டுக்கிட்டு ஊரூரா வித்து அலைஞ்ச உங்களுக்குச் சொல்லவா வேணும்? நான் அஞ்சாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். வாயி இருந்துச்சு, சேத்துக்கிட்டாங்க.

சோளம் விழுந்த சொம்பு

எழுபதுகளோட கடைசி. மேச்சேரிப் பக்கம் ஒரு மாதர் சங்கம். 'மாறும் உலகில் தலைமை'ன்னு துணி கட்டியாச்சு. தலைவியத் தேர்ந்தெடுக்கப் பேருக்கொரு சொம்பு வெச்சு, புடிச்சவங்க சொம்புல சோளம் போடுங்கன்னேன். அத்தனை சோளமும் பாவாயி சொம்புல. பாவாயி அங்கயே இல்லீங்க, செம்மறி மேய்க்கப் போயிருக்குது! ஏனுங்க இப்படின்னு அங்க இருந்த பொம்பளைகளக் கேட்டேன்.

"இருக்கறவளப் போட்டா இன்னொருத்தி மூஞ்சியத் தூக்குவாளுங்க. வராதவகிட்ட யாருங்க சண்டை போடறது?"

கண்ணக் கட்டி

சாயந்தரம் ஆட்டோட வந்தப்பதான் பாவாயிக்கு, தான் தலைவின்னே தெரியும். அடுத்த நாள் ஒரு வெளையாட்டு. எல்லாத்துக்கும் கண்ணக் கட்டி உட்டுருவோம். தலைவி தொடாம, கொரலாலயே கூட்டிக்கிட்டுப் போவோணும். பாவாயி பேசவே இல்ல. "ட்ர்ர்ர்... பா, பா"ன்னு ஆட்டக் கூப்புடற மாதிரியே கூப்புட்டுச்சு. எல்லாரும் வரிசையாப் போறாங்க! நமக்குத்தான் வழி காட்ட ஆருமில்லையேன்னு நானும் கண்ணக் கட்டிக்கிட்டுப் பின்னாலயே போனேன். நேரா வேப்பமரத்துல முட்டிக்கிட்டேன். பாவாயி சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு.

"ஆடுக அத்தனையும் வந்துருச்சு. கெடாதானுங்க வழி தவறிருச்சு!"

ஆபீசு வாசல்

அந்த ஊர்ல குடிதண்ணிக்குக் காத தூரம் நடக்கோணும். கைப்பம்பு கேட்டு யூனியன் ஆபீசுக்குப் போவோம். நான் பேசுவேன், சங்கத்துப் பொம்பளைக என் முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, 'அண்ணன் சொல்றதுதானுங்க எங்களுக்கும்'பாங்க. அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் பஸ் ஏறுவேன். ஆபீசர் ஒவ்வொரு தடவையும் 'பாக்கலாம்'பார். ஒருநாள் திரும்பி வாரப்ப பாவாயி சொல்லுச்சு.

"நல்லாத்தான் பேசறீங்கண்ணா. ஆனா கொடம் சொமக்கறது நாங்க. நாங்களே பேசிப் பாக்கறமுங்க."

கைப்பம்பு

அப்புறம் என்னையக் குமாரபாளையத்துக்கு மாத்திட்டாங்க. பகலெல்லாம் தறிச்சத்தம், அதுக்கு நடுவால எனக்கு மட்டும் அந்த 'ட்ர்ர்ர்' கேக்கும். ஆபீசுல சொல்லாம மேச்சேரி பஸ் ஏறிட்டேன்.

போனா, புதுக் கைப்பம்பு! பக்கத்துலயே கூட்டம் நடக்குது. முந்தியெல்லாம் என்னையக் கண்டா கூட்டமே எந்திரிக்கும். இப்பப் பேச்சு நிக்கவே இல்ல. பாவாயிதான் எந்திரிச்சு வந்து ஒரு சொம்புத் தண்ணி குடுத்துச்சு. இனிப்பா இருந்துச்சு. "அடுத்த மாசம் வாரேன் அம்மிணி, இன்னொரு பயிற்சி போடலாம்"னேன்.

"பயிற்சி எதுக்குங்கண்ணா? சும்மா வாங்க, தண்ணி குடிச்சுட்டுப் போலாம்."

சங்கம் சொந்தக் கால்ல நின்னுருச்சுன்னு ஆபீசுல எனக்குக் கை தட்டினாங்க. நாந்தான் இன்னும் மேச்சேரி பஸ்ஸக் கண்டா படியில ஒரு கால வெச்சு வெச்சு எடுத்துக்கிட்டு நிக்கறேனுங்க.