டிரைவருக்கு ரூம் வேண்டாம்

என் அக்கா புருஷன் ஏசுபாதம் கொடைக்கானலுக்கு எத்தனை முறை போயிருக்கிறார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. முப்பத்திரண்டு வருஷம் மாமல்லபுரத்தில் ஒரு முதலாளியிடம் வேன் ஓட்டினார். கடலைப் பார்க்க வந்தவர்களை அப்படியே ஏற்றிக்கொண்டு போய் மலையையும் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் பிழைப்பு. கல்யாண கோஷ்டி, காலேஜ் பசங்க, வெள்ளைக்காரர்கள் என்று ஊரில் உள்ள அத்தனை பேரும் அவர் வண்டியில் மலை ஏறிவிட்டார்கள். என் அக்கா சாராள் மட்டும் ஏறவில்லை.

அக்கா சதுரங்கப்பட்டினத்தில் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவள். இருபத்தேழு வருஷம் அடுப்புச் சூட்டில் நின்றவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். "ஒரு தபா குளிர்ல நடுங்கணும்டா ஸ்டான்லி, ஸ்வெட்டர் போட்டும் நடுங்கணும்" என்பாள். மாமா வருஷா வருஷம் "அடுத்த மே மாசம்" என்பார். மே மாதம் சீசன். சீசனில் எந்த டிரைவருக்கு லீவு கிடைக்கும்? சொல்கிற அவருக்கும் தெரியும், கேட்கிற அவளுக்கும் தெரியும்.

போன மே மாதம் அக்கா ரிடையர் ஆனாள். பள்ளிக்கூடத்தில் மாலை போட்டு, சில்வர் குடம் கொடுத்தார்கள். யாரும் எதிர்பார்க்கவில்லை, மாமா எழுந்துபோய் மைக்கைப் பிடித்தார். "செப்டம்பர்ல எம் பொண்டாட்டிய மலைக்கு இட்டுகினு போறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுடைய முழங்கால் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. இந்த வருஷம் விட்டால் படியேறுவது நடக்காது என்று டாக்டர் சொன்னது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

மாமா ஒரு வாரம் உட்கார்ந்து திட்டம் எழுதினார். முதலாளி ஒரு காரைத் தருவதாகச் சொல்லிவிட்டார். எனக்குச் செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் கிளார்க் வேலை. எழுதியதை டைப் அடித்துத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். காலை ஐந்தரைக்கு ஜெபம் பண்ணிவிட்டுப் புறப்பாடு. திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு, ஜிஎஸ்டி ரோடு. மேல்மருவத்தூர் தாண்டி டீ, விழுப்புரத்தில் நாஸ்தா. திருச்சிக்கு முன்னால் முட்டிக்காகப் பத்து நிமிஷம் நடை. மலையில் வாந்தி வராமல் இருக்க வத்தலக்குண்டில் எலுமிச்சம்பழம். வழியில் எந்தெந்த பெட்ரோல் பங்க்கில் பெண்களுக்கு பாத்ரூம் சுத்தமாக இருக்கும் என்று கொடைக்கானல் வரைக்கும் வரிசையாக எழுதியிருந்தார். அவர் என் அக்காவுக்குக் காதல் கடிதம் எழுதியதாகக் கேள்விப்பட்டதில்லை. எழுதியிருந்தாலும் இதைவிட நன்றாக எழுதியிருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். டீ, நாஸ்தா, நடை எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். நான் அடுத்த வரிக்குப் போனேன். இரவு தங்கல்: ரூம் ஒன்று, சாராள். டிரைவருக்கு ரூம் வேண்டாம், வண்டி. காலை: தூண் பாறை, டிக்கெட் ஒன்று. டிரைவர் வெயிட்டிங் முக்கால் மணி நேரம்.

"இர்றா. அத்த திரும்பப் படி" என்றாள்.

படித்தேன். படிக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. ஒவ்வொரு வரியையும் நான்தான் டைப் அடித்தேன், எழுத்துப்பிழை பார்த்தேன். இது கண்ணில் படவே இல்லை. அந்த மனுஷன் வண்டியில் படுப்பது எங்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

"நீ எங்கய்யா படுப்ப?" என்று அக்கா மாமாவைக் கேட்டாள்.

"வண்டிலதான். டிரைவருங்க எப்பவும் வண்டிலதானே படுக்கறோம்." அவர் விளையாடவில்லை. கேள்வி எதற்கு என்றே புரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"சரி, அந்தத் தூண் பாறையில இன்னா தெரியும்?"

"தெரியாது சாராள்" என்றார் மாமா. "ரோட்டோரமா கீறதுலாம் பாத்துருக்கேன். ஏரி பாத்துருக்கேன். அவுங்க உள்ள போய்ப் பாக்கற நேரத்துல நான் கொஞ்சம் தூங்கிக்குவேன். எறங்கறப்ப கண்ணு அசந்துடக் கூடாதுல்ல."

அக்கா என் கையிலிருந்த தாளை வாங்கி மடித்தாள். "நான் வரல" என்றாள். "யாரோ ஒரு டிரைவரோட நான் இன்னாத்துக்கு மலைக்குப் போவணும்? எம் புருஷனோட போவணும்னுதான் இத்தினி வருஷம் கேட்டுகினு இருந்தேன்."

பத்து நாள் அந்த வீட்டில் பேச்சில்லை. கடைசியில் அக்காவே ஒரு நிபந்தனை போட்டாள்: வண்டியை வேறு ஆள் ஓட்ட வேண்டும், மாமா பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். அதைக் கேட்டதும் மாமா எனக்குப் போன் போட்டுப் புலம்பினார். "ஸ்டாண்ட்ல சிரிப்பானுங்க மச்சான். டிரைவரு ஒரு டிரைவர் வச்சிகினு டூர் போறான்னு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சிரிச்சிட்டுப் போவட்டும் மாமா. அக்கா முட்டி அடுத்த வருஷம் வரைக்கும் தாங்காது. உனுக்கு ஸ்டாண்டு பெருசா, அக்கா பெருசா?" என்று கேட்டுவிட்டேன். பெரியவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். ஆனால் இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இரண்டு நாள் கழித்து மாமாவே ஸ்டாண்டுக்குப் போய்க் குமாரைக் கேட்டிருக்கிறார். குமார் அதே முதலாளியிடம் ஓட்டுகிறவன். "பிரேக்க உதைக்கிறான், வண்டிய நோவடிக்கிறான்" என்று பதினைந்து வருஷமாக மாமாவிடம் திட்டு வாங்குகிறவன். கேட்ட நிமிஷமே வருகிறேன் என்றானாம்.

கிளம்பிய அன்று வழியனுப்ப நானும் போயிருந்தேன். மாமா வெள்ளைச் சட்டை போட்டு நேராகப் போய் முன்கதவைத் திறந்தார். உள்ளே குமார் உட்கார்ந்திருந்தான். மாமா ஒரு கணம் நின்றார், கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் பின்னால் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டார்.

மத்தியானம் அக்கா போன் பண்ணினாள். "செங்கல்பட்டு வர்ற வரைக்கும் வாய மூடல. ரைட்ல போ, கியர மாத்துன்னு குமார ஒரு வழி பண்ணிட்டாரு. விழுப்புரத்துல நாஸ்தா துன்னதும் எந்தோள்ல சாஞ்சி தூங்கிட்டாருடா. கல்யாணமாயி இத்தினி வருஷத்துல ஓடற வண்டில அவரு தூங்கி இப்பதான் பாக்கறேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபீஸிலிருந்து மாமாவுக்குப் போன் போட்டேன். எடுத்தது குமார்.

"அண்ணாத்த, அண்ணன் போன எங்கைல குட்த்துட்டாரு."

"எங்க கீற, வண்டிலயா?"

"இல்லண்ணா. மேல, தூண் பாறையாண்ட. எங்கைலருந்து சாவியப் புடுங்கி வண்டியப் பூட்டிட்டு, மூணு டிக்கெட் வாங்கிட்டாரு. நீயும் வாடான்னு இட்டாந்துட்டாரு. ராத்திரியும் எனுக்குத் தனியா ரூம் போட்டாரு. பதினஞ்சு வருஷமா இங்க வண்டி ஓட்டிகினு வரேன். உள்ள வந்தது இன்னிக்கிதான்."

"அக்கா இன்னா பண்ணுது?"

"இத்தினி நேரம் பனி மூடிகினு இருந்துச்சி, இப்பதான் வெலகுது. அண்ணி அண்ணன் கையப் புடிச்சிகினு நிக்கறாங்க. அண்ணன் அழுவறாரு. போன அவராண்ட குடுக்கட்டா?"

"வேணாம். நீயும் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.