பதினெட்டு நடக்கிறது

அமீர் அலிக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது எந்தப் புத்தகமும் அல்ல, மனைவி ரிஹானாவின் வாய்தான். சிட்டகாங்கில் பிறந்த வங்காளி அவர். பாலியும் பர்மியமும் கரைத்துக் குடித்தவர். இரண்டே வருடத்தில் திரும்பிவிடுவேன் என்று ஊரில் சொல்லிவிட்டு, இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகத்தோடு யாங்கோனில் வந்து இறங்கினார். தாமுவேயில் ஒரு தமிழ் முஸ்லிம் வீட்டு மாடியறையை வாடகைக்குப் பிடித்தார். அடுத்த வருடம் அந்த வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்டார். அப்புறம் எங்கே திரும்புவது! வீட்டில் அரிசி தீர்ந்துபோனதுகூடத் தெரியாமல் ஏட்டில் தலையைக் கவிழ்த்துக் கிடக்கும் மனிதரை ரிஹானா தமிழில்தான் திட்டினாள். பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயத்தில் அவருக்கும் தமிழ் வந்துவிட்டது.

பிள்ளை குட்டி இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதும் இல்லை. பிற்பாடு அதே ஊரில் தின்கன்ஜூன் பேட்டைக்குக் குடிமாறினார்கள். காலையில் இரண்டு மணி நேரம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடம் எடுப்பார். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் 'சயா', அதாவது வாத்தியார். மிச்ச நேரமெல்லாம் மொழிபெயர்ப்பு. அந்தக் காலத்துப் பர்மிய ராஜாக்களும் மந்திரிகளும் வழக்குத் தீர்த்த கதைகள் பழைய ஏடுகளில் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றை வங்காள மொழியில் பெயர்ப்பதுதான் அவருக்கு வேலை, ஆசை, பைத்தியம் எல்லாம். டாக்காவில் நான்கு தொகுதி அச்சாகிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல கை. ஏட்டில் ஒரே விஷயத்தை மூன்று தரம் சுற்றிச் சுற்றிச் சொல்லியிருப்பார்கள். அமீர் அலி அதை ஒரே வரியில் வெட்டி நிமிர்த்திவிடுவார். மதிப்புரை எழுதியவர்கள் எல்லாம் அந்தச் சுருக்கத்தைத்தான் வாய் ஓயாமல் புகழ்ந்தார்கள். மனிதரும் அந்தப் புகழ்ச்சியில் கொஞ்சம் கிறங்கித்தான் போயிருந்தார்.

வெளிநாட்டுக்காரர் என்பதால் தங்கும் அனுமதியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முத்திரை விழுந்து திரும்பி வர ஒரு மாதமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும். ஆறு வருடத்துக்கு முன்னால் அப்படிக் கொடுக்கப் போனபோது ஓர் அதிகாரி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நீதிமன்றத்தில் வங்காளி பாஷைக்கு ஆள் இல்லை, சயா வந்து உதவினால் நன்றாக இருக்கும் என்றார். அதட்டவும் இல்லை, மிரட்டவும் இல்லை. பாஸ்போர்ட்டைத் தன் மேஜையில் வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு கேட்டார். முடியாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டவர்கள் மேற்கே ரக்கைன் மாநிலத்திலிருந்து தப்பி வந்த ரோஹிங்யா முஸ்லிம்கள். கையில் அடையாள அட்டை கிடையாது. ஊரைவிட்டு வர அனுமதி கிடையாது. மலேசியாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்ற எவனோ ஒரு தரகனை நம்பி, லாரியில் ஒளிந்து வந்து பிடிபடுவார்கள். அவர்கள் தங்களை என்ன பெயரால் சொல்லிக்கொண்டாலும் சரி, படிவத்தில் 'வங்காளி', அதாவது இந்த நாட்டுக்காரர் அல்ல, பங்களாதேஷிலிருந்து வந்தேறியவர் என்று முன்னாடியே அச்சடித்திருக்கும். அதற்கு அத்தாட்சி மாதிரி, அசல் வங்காளி ஒருவர் பக்கத்தில் நின்று அவர்கள் பேச்சைப் பெயர்த்துச் சொல்வார். இந்த அநியாயம் அமீர் அலிக்குப் புரியாமல் இல்லை. நாமும் போகாவிட்டால் அந்த ஜனங்களுக்கு நாதியே இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

நீதிபதிக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. பிடிபட்டவன் பத்து நிமிஷம் அழுது புலம்பியதை சயா மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிடுவார், ஒரே காலையில் இருபது பேர் வாக்குமூலம் முடிந்துவிடும் என்று நாலு பேர் கேட்கப் பாராட்டினார். இதை வீட்டுக்கு வந்து ரிஹானாவிடம் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார். பெருமைப்பட வேண்டிய விஷயமா அது?

போன வருடம் மழை விட்ட கையோடு, நகரத்து ஓரம் ஷ்வேப்யிதாவில் ஒரு தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த வீட்டில் பதினொரு பேரைப் பிடித்தார்கள். அவர்களில் ஒருத்தி ஸமீரா. ஒடிசலான பெண், காலில் செருப்பு இல்லை. தொலைபேசியில் மட்டுமே பார்த்திருந்த மாப்பிள்ளையைத் தேடி மலேசியாவுக்குக் கிளம்பியவள். அமீர் அலி எப்போதும் போல முதலில் புத்தக வங்காளத்தில் பெயர் கேட்டார். அது அவர்களுக்கு விளங்காது என்று தெரிந்தாலும் அப்படித்தான் ஆரம்பிப்பார், படித்த கெத்து. அவள் திருதிருவென்று விழித்தாள். பிறகுதான் சிட்டகாங் பேச்சுக்கு இறங்கினார். அவருடைய அம்மா அடுப்படியில் பேசிய பேச்சு அது. ஸமீராவின் பேச்சும் கிட்டத்தட்ட அதேதான். அதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகத்தில் உயிர் வந்தது. சித்தப்பா முறை வைத்து, சாச்சா, நீங்களும் எங்க பக்கமா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கேள்விக்குப் போனார். வயது என்ன?

"பதினெட்டு நடக்குது சாச்சா. வர்ற நோன்புப் பெருநாளைக்கு முடியும்" என்றாள்.

அவர் எழுத்தர் பக்கம் திரும்பி, பர்மியத்தில் பதினெட்டு என்றார்.

வேண்டுமென்று செய்தாரா? சத்தியமாக இல்லை. படிவத்தில் இருந்தது ஒரு சின்னக் கட்டம், அதில் ஓர் எண்தான் கொள்ளும். நடக்கிறது, முடியும், பெருநாள் என்பதெல்லாம் அவர் காதுக்கு ஏட்டில் வரும் சுற்றிவளைப்பாகப் பட்டது. பழக்கதோஷத்தில் வெட்டிவிட்டார். எழுத்தர் எழுதிக்கொண்டாள், ஸமீரா கைநாட்டு வைத்தாள். அந்தக் கூட்டத்தில் சின்னவர்கள் மூன்று பேரைப் பிள்ளைகள் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். ஸமீராவுக்கு மற்றப் பெண்களோடு இரண்டு வருடம் சிறை. வேனில் ஏறும்போது அவள் திரும்பிப் பார்த்து அவருக்கு சலாம் சொன்னாள். அவரும் பதில் சலாம் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனார்.

மூன்று வாரம் ஆயிற்று. ஊரில் அப்போது வீட்டுக்கு வீடு பதினெட்டு வயதானவர்களைப் பட்டாளத்துக்குப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வயதுப் பிள்ளை உள்ள வீடுகளில் எல்லாம் வயிற்றில் நெருப்புதான். ரிஹானாவின் அண்ணன் மகளையும் பட்டியலில் சேர்க்கப் பார்த்தார்கள். ரிஹானா வார்டு ஆபீசுக்குப் போய் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தாள். மத்தியானம் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னாள்.

"பதினெட்டு நடக்குதுன்னா பதினெட்டு ஆயிருச்சின்னா அர்த்தம்? முடிஞ்சது பதினேழுதான், அதை எழுதுங்கன்னு சொன்னேன். எழுத வச்சிட்டுத்தான் எடத்தை விட்டு நகர்ந்தேன்."

அமீர் அலி சோற்றில் வைத்த கையை எடுக்கவே இல்லை. முகம் வெளுத்துப்போயிற்று. நெஞ்சு வலிக்கிறதா என்று பதறிப்போய் ரிஹானா முதுகைத் தடவினாள். அவர் மென்று விழுங்கி, நடந்ததைச் சொன்னார். பதினெட்டு நிரம்பாத பெண்ணைப் பெரியவர்களோடு சிறையில் போட மாட்டார்கள், காப்பகத்துக்குத்தான் போயிருப்பாள், என் வாயால் அவளை உள்ளே தள்ளிவிட்டேன் என்றார். அன்றைக்கு இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

மறுநாள் தாமுவேயில் கார்த்திகேசனைப் பார்க்கப் போனார். கார்த்திகேசன் வக்கீல், இந்த மாதிரி வழக்குகளுக்குக் காசு வாங்காமல் ஆஜராகிறவர். துறைமுகக் கூலியாக வந்தவரின் பேரன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பு நாளிலிருந்து அறுபது நாள் தவணை, அதில் இருபத்திரண்டு நாள் போய்விட்டது என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மனு நான் போட்டுக்கறேன் சயா. ஆனா அந்தப் புள்ளைக்கு வயசைக் காட்ட ஒரு கடுதாசி கிடையாது. நான்தான் தப்பாச் சொன்னேன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் உண்டு. போட்டா, அப்புறம் உங்களை இந்த ஊர்ல இருக்க விடுவாங்களான்னு என்னால சொல்ல முடியாது."

அவருடைய பாஸ்போர்ட் அந்தச் சமயம் பார்த்து ஆபீசில் கிடந்தது. சத்தியம் செய்துவிட்டுத் தப்பாகச் சொன்னவர் என்று காகிதத்தில் ஏறிவிட்டால் முத்திரை விழாது. ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். உள்ளே தூக்கி வைத்தாலும் வைப்பார்கள். வீட்டுக்கு வந்து ரிஹானாவிடம் சொன்னார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முத்திரை விழட்டுங்க. பாஸ்போர்ட்டு கைக்கு வந்த அன்னைக்கே போய் எழுதிக் குடுங்க, நான் தடுக்க மாட்டேன். அல்லாஹ் மேல ஆணை. இப்ப எழுதினா உங்களை ஏத்தி அனுப்பிருவாங்க. நான் யாரை நம்பி இங்க இருப்பேன்?"

அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? தாயும் போய், தகப்பனும் போய், சர்க்கரை வியாதியோடு இருக்கும் பெண்பிள்ளை. கணவன் பின்னாலேயே புறப்பட அவளுக்குப் பாஸ்போர்ட்டும் கிடையாது. தவணைக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள் இருக்கிறது, அதற்குள் முத்திரை வந்துவிடும் என்று அமீர் அலியும் நினைத்தார். நினைத்தார் என்பதைவிட, அப்படி நினைத்துக்கொள்ளலாம் என்று ரிஹானா சொன்னது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதை அவரால் தனக்குத்தானே மறைக்க முடியவில்லை. வெட்கமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை தோறும் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். அடுத்த வாரம் என்றார்கள். அதற்கடுத்த வாரம் என்றார்கள். நீதிமன்றத்துக்கு இருமல் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டில் ஏட்டைப் பிரித்தால் ஒரு வரி ஓடவில்லை. ராஜா கேட்டாராம், குடியானவன் சொன்னானாம், மந்திரி உடனே உண்மையைக் கண்டுபிடித்துவிட்டானாம். இருபத்தாறு வருடமாக இந்தக் கதைகளையா கட்டிக்கொண்டு அழுதோம் என்று அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒருநாள் ரிஹானாவிடம் சாச்சா என்று அந்தப் பெண் கூப்பிட்டதைச் சொல்லி விசும்பி அழுதார். அவள் அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பு வந்து ஐம்பத்து மூன்றாம் நாள் முத்திரை விழுந்தது. பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் டாக்சி பிடித்துத் தாமுவேக்குப் போனார். கார்த்திகேசன் காகிதத்தைத் தயாராக வைத்திருந்தார். அமீர் அலி நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். இனி எது வந்தாலும் வரட்டும் என்று மனசு லேசாகிவிட்டது. இருவருமாக நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

எழுத்தர் நடுவயதுப் பர்மியப் பெண், நல்ல மாதிரி. இவரைப் பார்த்ததும் எழுந்து நின்று, சயாவுக்கு இப்போதுதான் ஆள் அனுப்ப இருந்தோம் என்றாள். காகிதத்தை வெளியே எடுக்கக்கூட அவர்களை விடவில்லை. ஷ்வேப்யிதாவில் பிடிபட்ட அந்தப் பதினொரு பேரில் ஒரு பெண் சிறையில் இறந்துவிட்டாள் என்றாள். பெயர் ஸமீரா. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும், மூன்றே நாள். புதைத்து ஒன்பது நாள் ஆகிறது. தாய் பங்களாதேஷில் அகதி முகாமில் இருக்கிறாள். கூட இருந்த கைதி ஒருத்தியிடமிருந்து தொலைபேசி எண் கிடைத்தது, ஆனால் அந்தப் பாஷையில் சொல்லத்தான் ஆள் இல்லை. சயா வந்தது நல்லதாகப் போயிற்று என்றாள்.

கார்த்திகேசன் காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் திரும்ப வைத்தார். இனிமேல் இது எதற்கு சயா என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அமீர் அலி மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒன்பது நாள். கையெழுத்துப் போடாமல் இவர் காத்திருந்தது முப்பத்தொரு நாள். மறுநாளே போட்டிருந்தால் அவளுக்குக் காப்பகத்தில் ஒரு டாக்டராவது கிடைத்திருப்பாரோ என்னவோ. இந்தக் கேள்வி இனி உயிர் உள்ளமட்டும் அவரை விடப்போவதில்லை.

எழுத்தர் எண்ணைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி, தொலைபேசியை அவர் முன்னால் வைத்தாள். எதிர்முனையில் தாய் பேசினாள். பின்னால் குழந்தைகள் கத்தும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை அவர் புத்தக வங்காளத்தில் ஆரம்பிக்கவில்லை. அம்மாவின் பேச்சிலேயே, தான் யார் என்று சொன்னார். பிறகு செய்தியைச் சொன்னார்.

அந்தப் பக்கம் குழந்தைகளை யாரோ அமர்த்தினார்கள். என் பிள்ளையைக் குளிப்பாட்டினது யார் என்று தாய் கேட்டாள். அவர் அதைப் பர்மியத்தில் கேட்டார். எழுத்தர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதெல்லாம் இதில் இல்லை என்றாள். அமீர் அலி தொலைபேசியில், கூட இருந்த நம்ம பெண்கள்தான் குளிப்பாட்டினார்கள், துஆ ஓதித்தான் அடக்கினார்கள் என்று சொன்னார். பிறர் பேச்சை வெட்டியே பழகிய மனிதர், வாழ்நாளில் முதல் தடவையாக இல்லாததைச் சேர்த்துச் சொன்னார்.

அடுத்துத் தன் தப்பைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். நான்தான் வயதைத் தப்பாகச் சொன்னேன், தெரிந்த பிறகும் முப்பத்தொரு நாள் சும்மா இருந்தேன். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் தாய் பேசிவிட்டாள்.

"எம் புள்ள பேச்சு புரிஞ்ச ஒருத்தராவது அந்த எடத்துல பக்கத்துல நின்னீங்களே பாய். அது போதும் எனக்கு. உங்களை அல்லாஹ் நல்லா வைப்பான்."

தாய் என்ன சொன்னாள், கோப்பில் எழுத வேண்டும் என்று எழுத்தர் பேனாவை எடுத்தாள். அமீர் அலி மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தைகூட விடாமல் பெயர்த்துச் சொன்னார்.